பூஜையில் திறந்து வைத்த கேமரா

கைலாசபுரம், திருச்சி
செவ்வாய்க்கிழமை இரவு

அன்பு மகள் ரேஷ்மாவுக்கு,

ஊரே அடங்கிய நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். அப்பா தூங்கிவிட்டார், இல்லை, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த வடகிழக்கு மலைக்குளிரில் சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஃபோனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அடித்து அடித்து அழித்தேன். அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், சிக்னல் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் படி. நடுவில் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விஷயம் இதுதான் கண்ணு. நீ வீட்டில் விட்டுப்போன உன் பெரிய மிரர்லெஸ் கேமராவுக்கு என் கையால் சேதம் ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதி பெலிண்டா அவள் அண்ணன் வீட்டுக்குக் கவுகாத்தி கிளம்பும்போது எடுத்துவரச் சொல்லியிருக்கிறாயே, அதே கேமராவுக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு உன் அப்பா பண்ணுகிற அமர்க்களம் உனக்குத் தெரியாததா. பிளான்ட்டில் பூஜை முடிந்து பொரி கடலைப் பொட்டலத்தோடு வந்தவர், வீட்டில் மறுபடி ஆரம்பித்தார். பெட்டிக்குள் எதுவும் இருக்கக் கூடாது, உறைக்குள் இருக்கக் கூடாது. டிரில் மெஷினிலிருந்து பிட்டைக் கழற்றித் தனியாக வைத்தார், வெர்னியர் அளவுகோலைத் துடைத்து விரித்து வைத்தார், என் தையல் மெஷினின் பாபின் கேஸ் வரைக்கும் வெளியே எடுத்தாகிவிட்டது. மூடி போட்டு வெச்சா அது சாமிக்குக் காட்டுறதா, சாமிகிட்ட மறைக்கிறதா என்று வருஷா வருஷம் சொல்வதையே சொன்னார். நீ வீட்டில் இல்லாத முதல் பூஜை இது. உன் பொருள் ஒன்றாவது இலையில் இருக்கட்டுமே என்று நான்தான் உன் கேமராப் பையை இறக்கினேன். நீ இப்போது கொண்டுபோயிருக்கிற அப்பாவின் சின்ன சூப்பர்ஜூம் கேமரா ஒவ்வொரு வருஷமும் பூஜையில் இருந்திருக்கிறது, தலையில் சந்தனப் பொட்டு வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, அதற்கு ஒன்றும் ஆனதில்லை. அதில் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, கழற்ற வழியே கிடையாது, முன்னால் கண்ணாடியைத் துடைத்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எடுத்தேன். இதில் பட்டனை அழுத்தித் திருப்பினால் குக்கர் மூடி மாதிரி லென்ஸ் கையோடு வந்துவிட்டது. சரி, இதுவும் தனித்தனியாக வைக்க வேண்டியதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். லென்ஸ்தான் கேமரா, அதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒரு பட்டுத்துணியில் வைத்தேன். உடம்பை மட்டும் வெறும் கூடுதானே என்று வாயைத் திறந்தபடி இலையில் மல்லாக்க வைத்தேன். உள்ளே பச்சையும் நீலமுமாக ஒரு தகடு மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்று கூடத் தோன்றியது, பாவி எனக்கு. படம் விழுகிற இடமே அதுதான் என்று தோன்றவில்லை. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்து, லென்ஸ் சூத்திரமெல்லாம் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அதற்கு மேல் கேட்பானேன். சாம்பிராணி போட்டேன், கற்பூரம் காட்டினேன், பூவில் தண்ணீர் தொட்டுத் தெளித்தேன், குங்குமம் கிள்ளிப் போட்டேன், எல்லாம் தாராளமாக. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது அல்லவா, ராத்திரி முழுக்க அது அப்படியே கிடந்தது. விஜயதசமி காலையில் பார்த்தால் அந்தத் தகட்டின் மேல் குங்குமத் துகளும் சாம்பலும். ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி வளையலைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது என்று திருப்தியாக லென்ஸை மாட்டிப் பையில் வைத்தேன். உள்ளே நீ போட்டு வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக்கூடக் குப்பை என்று எறிந்தேன்.

அந்த வாரமே நீ ஃபோன் பண்ணினாய். நெசவு வீடுகளில் நீ எடுத்த படங்கள் நெசவுக்காரர்களைப் பற்றிப் போடுகிற புத்தகத்துக்கு ஆகாது என்று உங்கள் டீம் தலைவி சொல்லிவிட்டார், இந்த மாசக் கடைசிக்குள் நல்ல கேமராவோடு வராவிட்டால் படம் எடுக்க வேறு ஆள் போட்டுக்கொள்வார்கள், உன்னைக் குறிப்பு எழுத மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்று. நீ அழவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சினாய், எனக்குக் கேட்டது. ஃபோனை வைத்ததும் கேமராவை எடுத்து முருங்கை மரத்தை ஒரு படம் எடுத்தேன், ஓரத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல். சுவரை எடுத்தாலும் அதே இடத்தில் அதே தீற்றல். அப்பாவும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசாம குடுத்தனுப்பிரு ஆனந்தி, ட்ரெயின்ல வழியில ஏதோ ஆயிருக்கும்னு அவளே நெனச்சுக்குவா என்றார். எனக்கும் ஒரு நாள் அதுதான் சரியென்று பட்டது. உன்னிடம் ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் பெலிண்டா வந்து, ஆன்ட்டி கேமராவ ஒரு தடவ செக் பண்ணிட்டு எடுத்துக்கிறேன் என்று பையைத் திறந்தாள். பொய் சொல்ல வாய் திறந்தேன், உண்மைதான் வந்தது. அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆன்ட்டி, ஆத்துல விழுந்த கேமரா பாத்துருக்கேன், கல்யாணத்துல சாம்பார் ஊத்துன கேமரா பாத்துருக்கேன், சாம்பிராணி புடிச்ச கேமரா இதான் ஃபர்ஸ்ட்டு, நீங்க சுண்டலும் ஊட்டி விட்ருக்கலாம் என்றாள். அப்புறம் உள்ளே பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கையோடு மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனாள். தீபாவளிக் கூட்டம், துணிக்கடை வாசலில் கால் வைக்க இடமில்லை, அந்த நெரிசலில் கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். கேமராக் கடையில் சுத்தம் பண்ணிக் கொடுத்தார்கள். தீற்றல் போய்விட்டது. ஆனால் குங்குமத்தோடு ஏதோ மணல் இருந்திருக்கிறது, நான் அழுத்தித் துடைத்ததில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் விழுந்திருக்கிறது, அது போகவில்லை. அதற்குச் சென்னைக்கு அனுப்பி அந்தத் தகட்டையே மாற்ற வேண்டுமாம், தீபாவளி கழிந்துதான் எடுப்பார்களாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம்.

பெலிண்டா விடவில்லை. வாங்க ஆன்ட்டி, எவ்வளவு தெரியுதுன்னு பாத்துருவோம் என்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் இறக்கினாள். வெயில் நேரத்தில் வானத்தை எடுத்தாள், கீறல் தெரிந்தது, கோடு போட்ட மாதிரி. வெளிச்சம் அதிகமானால் லென்ஸுக்குள் இருக்கிற துவாரம் சுருங்கும், அப்போதுதான் கீறல் காட்டிக்கொடுக்கும், இருட்டுக்குத் துவாரத்தை அகலத் திறந்தால் கரைந்துபோகும் என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருட்டும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அகல் விளக்கு விற்கிற அம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தாள். அந்த அம்மா, ஏம்மா, பவுடர் கூடப் போடலியே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வெளிச்சம் என்று இருந்தது அவருடைய தட்டில் எரிந்த விளக்கு மட்டும்தான். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தோம், கீறலைத் தேடித் தேடிப் பார்த்தோம், இல்லை. கீறல்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. கண்ணோரச் சுருக்கம், மூக்குத்தி, முன்நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடி, கண்ணால் பார்த்தது போலவே. பெலிண்டா அவள் ஃபோனில் நீ சின்ன கேமராவில் எடுத்து அனுப்பின தறிக்காரப் பாட்டி படத்தை எடுத்து அருகில் பிடித்தாள். பாட்டி முகம் முழுக்க யாரோ ரவையைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் படத்தை நீ எனக்கும் அனுப்பியிருந்தாய். நல்லாத்தானே இருக்கு, உங்க மேடத்துக்கு என்ன கொழுப்பு என்று கேட்டேன் உன்னிடம்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு இதே படித்துறையில்தான் உன்னை மடக்கினேன். உச்சி வெயில், ஆறு நிறையத் தண்ணீர். அப்பாவின் சின்ன கேமரா ஜூம் பண்ணப் பண்ண எதிர்க்கரையைத் தாண்டி மலைக்கோட்டை உச்சியில் நின்ற ஆட்களின் சட்டை நிறம் வரைக்கும் காட்டியது. உன் கேமராவில் மலையே கட்டைவிரல் அளவுதான் தெரிந்தது. இப்ப சொல்லுடி, எது பெரிய கேமரா என்று கேட்டுச் சிரித்தேன். அம்மா, தூரத்த கிட்ட இழுக்கிறது வேற, இருட்டுல முகத்த எடுக்கிறது வேற, நான் போறது இருட்டு வீட்டுக்குள்ளம்மா என்றாய். நான் காதில் வாங்கவில்லை. கனம், மூணு நாள் ரயில், திருடன் கண்ணு படும், ஒண்டிப் பொண்ணு என்று நச்சரித்து நச்சரித்து, கடைசியில் நீ சலித்துப்போய்ச் சின்னதையே எடுத்துக்கொண்டு போனாய். நான் சொன்ன பயமெல்லாம் பொய் இல்லை. ஆனால் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தச் சின்ன கேமராவோடு போனால் உன்னை ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பொங்கலுக்குள் திரும்பி வந்து பேங்க் பரீட்சைக்குப் படிப்பாய் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. நீ ஃபோனில் வேறு ஆள் போடப் போகிறார்கள் என்று சொன்னபோது, முதலில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை ரேஷ்மா. அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம்தான் நீ மூக்கை உறிஞ்சியது காதில் விழுந்தது. கீறல்கூடத் தெரியாமல் செய்தது. அந்த அப்பாடாவுக்கு நான் எங்கே போய்ச் சமாதானம் சொல்வேன்.

உனக்கும் எனக்கும் இருபத்தொரு வயசுதான் வித்தியாசம். கடைத்தெருவில் அக்கா தங்கையா என்று கேட்பார்கள், நீ முறைப்பாய், நான் குளிர்ந்துபோவேன். சின்ன வயசிலேயே நீ வந்துவிட்டதால் உன்னைத் தவிர வேறு எதையும் நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையோ என்னவோ. அதற்காக உன் கையில் இருப்பது எது என்று நான் தீர்மானிப்பது நியாயம் ஆகாது. எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சாயங்காலம் சொன்னேன். எழுது, தொறந்து வைக்கச் சொன்னது நான்தான்னும் சேத்து எழுது என்றார். எழுதிவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொதுவாக, லென்ஸைக் கழற்றியதும் துடைத்ததும் என் கை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. பெலிண்டா கையில் அப்படியே கொடுத்தனுப்பினால் மாசக் கடைசிக்குள் உனக்குக் கிடைக்கும், தறி வீட்டு இருட்டுக்குள் கீறல் தெரியாது, வெளியே வெயிலில் எடுத்தால் தெரியும், கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்கிறாள், ஆனால் ஒவ்வொரு படமாக உட்கார வேண்டும். சென்னைக்கு அனுப்பினால் முழுசாகச் சரியாகி வரும், அதற்குள் இந்த வேலை போய்விடலாம். உங்கள் மேடத்திடம் நடந்ததைச் சொல்லிக் கேட்கவும் செய், அம்மா பண்ணின கூத்து என்று என் பேரைச் சொல், சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன். நீ வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி, அங்கேயே ரெண்டு வருஷம் இருக்கப்போகிறேன் என்றாலும், அழுதுவிட்டுச் சரி என்பேன்.

புதுப் பொட்டலங்கள் வாங்கிப் பையில் போட்டுவிட்டேன், லென்ஸை மாட்டிய பிறகு ஒருவரையும் தொட விடவில்லை. பெலிண்டாவிடம் முறுக்கும் அதிரசமும் கொடுத்து விடுகிறேன், எப்படியும் அவள் வரத்தானே போகிறாள். தீபாவளிக்கு அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாவிட்டாலும் உச்சியில் ஒரு சொட்டாவது வை, வெந்நீரில் குளி, ஈரமான சாக்ஸோடு அலையாதே. உன் கையும் கண்ணும் எடுத்த காரியமும் நன்றாக இருக்க வேண்டும், நீ எங்கே இருந்தாலும் அந்தத் தாய் உனக்குத் துணை நிற்க வேண்டும்.

பெலிண்டா சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டுகிறாள். அதற்குள் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று சொல். திட்ட வேண்டுமானால் சேர்த்துத் திட்டி எழுது, ஆனால் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஆனந்தவள்ளி