இரண்டு நாள் ஏழை

ஜனவரி 16, புதன்

டாக்டர் ஐசலே பசித்து வருவதில்லை. பசித்தவன் சாப்பிடுவதைப் பார்க்க வருகிறார்.

இன்று ஆலயத்துச் சாப்பாட்டில் பருப்பும் சாசேஜும். அவர் மேசைக்கு நான்தான் பரிமாறினேன். எத்தனையோ நாற்காலி காலியாக இருக்க, மான்னே பக்கத்தில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்தார். மான்னே ஆற்றுப் பாலத்துக்கு அடியில் படுப்பவன். ஐசலே ஓய்வுபெற்ற நோட்டரி; டாக்டர் என்பது சட்டம் படித்து வாங்கிய பட்டம். ஊரில் பாதிப் பேரின் வீட்டுப் பத்திரம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. திராட்சைத் தோட்டச் சரிவில் பெரிய வீடு. இங்கே வரும்போது மட்டும் முழங்கை கிழிந்த ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு. "எளிய மக்கள் நம்மளப் பாத்துக் கூச்சப்படக் கூடாது இல்லையா" என்று போதகரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"ராத்திரி எங்கப்பா படுக்கிறே?" என்று மான்னேயைக் கேட்டார்.

"ஏன் சார், உங்க வீட்டுல இடம் இருக்கா? வந்துடறேன். ஆனா நான் குறட்டை விடுவேன். வீட்டுல அம்மா கோவிச்சுக்கப் போறாங்க."

மேசையே சிரித்தது. ஐசலேயும் சிரித்தார். சிரித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மான்னே சாசேஜை எந்தப் பல்லால் கடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

ஜனவரி 17, வியாழன்

தலைமுடியில் ஈரக் கோட்டு நாற்றம். குளித்தும் போகவில்லை.

ஜனவரி 21, திங்கள்

பள்ளி முடித்ததும் ஒரு வருடம் சமூக சேவைக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். "மேல்படிப்புக்குப் போறப்போ நல்லா இருக்கும்" என்றார் அப்பா. அவருக்கும் சேவை என்றால் அவ்வளவுதான்.

ஆலயத்தில் குளிர்கால மேசை என்று இதற்குப் பெயர். குளிர் உச்சத்தில் நான்கு வாரம் பெஞ்சுகளை வெளியேற்றிவிட்டு மேசை போடுகிறோம். யாரும் வரலாம். முடிந்தவர்கள் பெட்டியில் ஏதாவது போடலாம். பணக்காரனும் இல்லாதவனும் ஒரே மேசையில். நீ யார், ஏன் வந்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதி மட்டும் கண்டிப்பு.

ஆனால் கேட்காமலே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வங்கி மேலாளரின் மனைவி இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரீக்கெ, நிஜமாவே கஷ்டப்படறவங்க உக்காந்திருக்கற மேசை எதும்மா?" என்று கேட்டாள். ஹோட்டலில் ஜன்னலோர மேசை கேட்பது மாதிரி. சமையலறைக்குப் பக்கத்து மேசையைக் காட்டினேன். அங்கே அவளைப் போலவே இன்னும் நான்கு பேர் யாராவது கஷ்டப்படுபவர் வருவாரா என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் மணியடித்துப் போதகர் வைட்பிரெக்ட் கொஞ்ச நேரம் பேசுவார். இன்று விளக்கைப் பற்றி. விசுவாசத்தை நெஞ்சில் பூட்டி வைத்து என்ன பயன், அது கையின் வேலையாக வெளியே வர வேண்டும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஊர் கடவுளைப் புகழ வேண்டும் என்றார். மனிதர் மோசமில்லை. காலையிலேயே வந்து எங்களோடு மேசை இழுக்கிறார், பாத்திரம் கழுவுகிறார். ஆனால் அவர் வெளிச்சத்தைப் பற்றிப் பேசப் பேச சூப்பில் ஆடை கட்டுகிறது.

சமையலறைத் தலைவி லோரெ கதவிடுக்கில் நின்று முணுமுணுத்தாள்: "ஊர் அப்புறமா புகழட்டும். மொதல்ல குடிக்கச் சொல்லுங்கய்யா."

ஜனவரி 24, வியாழன்

ஹாஃப்னர் அம்மா விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பியானோ சொல்லிக் கொடுப்பவர். ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறார். நீலக் கோட்டு, மடிப்புக் கலையாமல். கழுத்தருகே ஒரு சின்ன வெள்ளி ஊசி. தினமும் வருகிறார், எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறார், கிளம்பும்போது கொடுக்கிற ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் "தேவைப்படறவங்களுக்குக் குடும்மா" என்று திருப்பித் தந்துவிடுவார். ஊரின் நல்லவர்களில் அவரும் ஒருவர் என்று நினைத்து, உள்ளுக்குள் அவரையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று அங்கிகள் தொங்கும் சின்ன அறைக்கு மேசைத்துணி எடுக்கப் போனேன். அங்கே ஹாஃப்னர் அம்மா கைப்பையைத் திறந்து, அதற்குள் ஒரு ஃபிளாஸ்க், அதில் தன் கிண்ணத்து சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பழகிய கை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டே," என்றார். "பரவால்ல. மூடியை மட்டும் எடுத்துக் குடு கண்ணு."

கொடுத்தேன்.

கணவர் இறந்த இத்தனை வருடமாக வரும் பென்ஷன் வாடகைக்கே சரியாகப் போகிறதாம். பியானோ பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். நவம்பரில் கேஸ் கட்டணத்துக்காகப் போதகரிடம் ஒருமுறை போனாராம், ரகசியமாக. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எனக்கும்.

என்ன சொல்வது என்று தெரியாமல் ஐசலேயைத் திட்டினேன். வங்கிக்காரர் மனைவியைத் திட்டினேன். வேடிக்கை பார்க்க வருகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள் என்றேன்.

"ஏன் திட்றே? அவங்க வர்றதாலதான் நானும் வர முடியுது. இல்லாதவங்க மட்டும் வர்ற இடம்னா வாசப்படி மிதிப்பேனா? கோட்டு மாட்டற எடத்துல பாரு. அவங்க கோட்டும் என் கோட்டும் ஒண்ணா தொங்குது. எது யாருதுன்னு சொல்லு பாப்போம்."

அதை நான் யோசித்ததே இல்லை. எனக்கு விசுவாசம் உண்டா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் இந்த ஆலயத்தில் கடவுளின் வேலை என்று ஏதாவது நடக்கிறதென்றால், அது அந்தக் கோட்டுக் குவியலில்தான் நடக்கிறது. பிரசங்கத்தில் இல்லை.

ஐசலேயின் முகம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

பத்திரிகைக்காரன் வந்தான். என் வயதுதான் இருக்கும், வாயில் சூயிங்கம். ஒரே மேசையில் பணக்காரரும் ஏழையும் இருக்கிற படம் வேண்டுமாம். போதகர் மலர்ந்துபோனார். ஊர் பார்க்கட்டும், பார்த்தால் இன்னும் நாலு பேர் உதவ வருவார்கள் என்றார்.

ஐசலேயும் ஹாஃப்னர் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஹாஃப்னர் அம்மாவிடம் பெயர் கேட்டான். சொன்னார். "ரொம்ப நாளா ஆதரவு தர்றீங்களாம்மா?" என்றான். அவர் சிரித்தார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, சிரிப்பு மட்டும். ஐசலே வாய் நிறைய நூடுல்ஸ். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 31, வியாழன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

முதல் பக்கத்தில் படம். கிழிந்த முழங்கையோடு குனிந்து உறிஞ்சுகிறார் ஐசலே. எதிரே நிமிர்ந்து, நீலக் கோட்டில், ராணி மாதிரி ஹாஃப்னர் அம்மா. கீழே: "வாழ்வில் நொடிந்த முதியவர் ஒருவருடன் மேசையைப் பகிர்ந்துகொள்கிறார் ஆதரவாளர் குட்ரூன் ஹாஃப்னர்."

மான்னே அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் காட்டினான். "எங்க சங்கத்துல புது ஆளு. பாலத்துக்கு அடியில அவருக்கு எடம் போட்டு வெச்சிருக்கேன்."

ஹாஃப்னர் அம்மா சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, நிறைய நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐசலே இன்று வரவில்லை.

பிப்ரவரி 1, வெள்ளி

இப்போது சிரிப்பு வரவில்லை.

ஊர் நல்ல ஊர் இல்லையா. நோட்டரிக்கு என்னவோ ஆகிவிட்டது, சொத்தெல்லாம் போய்விட்டது என்று பேச்சு. ரொட்டிக் கடைக்காரி அவருக்கு நேற்றைய ரொட்டியைச் சும்மா கொடுத்திருக்கிறாள், எல்லார் முன்னாலும், கையைத் தட்டிக்கொடுத்து. யாரோ அவர் வீட்டு கேட்டில் கம்பளிக் காலுறை நிறைந்த பையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். துவைத்த காலுறைகள்.

அந்தப் பையை எடுத்துக்கொண்டு இன்று நேரே ஆலயத்துக்கு வந்தார். நல்ல கறுப்புக் கோட்டில். போதகர் முன்னால் மேசைமேல் அதைப் போட்டார்.

"இது என்னன்னு பாருங்க! எனக்குக் காலுறை! எனக்கு!"

"அன்பாலதானே குடுத்திருக்காங்க, சார்..."

"என்ன அன்பு? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த ஊர்ல எங்களுக்கு ஒரு பேர் இருக்கு. நாளைக்கே திருத்தம் வரணும். இல்லன்னா அடுத்த வருஷம் என்கிட்ட எதுக்கும் வராதீங்க."

நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன். இரண்டு வாரமாக ஏழைகளோடு சகோதரனாக உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். நாமெல்லாம் ஒன்றுதானே என்று மான்னேயின் முதுகில் தட்டிய மனிதர். அவரையும் ஏழை என்று ஊர் இரண்டு நாள் நம்பியதற்கு முகம் வெந்துபோய் நிற்கிறார்.

சீ.

பிப்ரவரி 2, சனி

செய்துவிட்டார்கள். கடவுளே, செய்தே விட்டார்கள்.

"திருத்தம்: படத்தில் இருப்பவர் குளிர்கால மேசையின் நீண்டகால ஆதரவாளரான நோட்டரி டாக்டர் ஐசலே. அவருக்கு எதிரே இருப்பவர் மேசையின் விருந்தினர் குட்ரூன் ஹாஃப்னர். தவறுக்கு வருந்துகிறோம்."

எங்கள் ஊரில் ஆதரவாளர் என்றால் கொடுப்பவர், விருந்தினர் என்றால் இல்லாதவர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போதகரிடம் ஓடினேன். மூச்சு வாங்கியது. அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அவர் பேரை மட்டும் திருத்தியிருக்கலாமே! அந்தம்மாவை ஏன் இழுத்தீங்க?"

"ரீக்கெ, பாதியைத் திருத்திட்டுப் பாதிப் பொய்யை அப்படியே விட முடியுமா? ஆலயத்தோட பேர்ல வர்ற வார்த்தை. முழு உண்மையா இருக்கணும்."

"அவங்க உங்களை நம்பிச் சொன்னது அது!"

"விருந்தினர்ங்கறது நம்மகிட்ட மரியாதையான சொல்லும்மா. அதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

நிஜமாகவே கேட்டார். நடிப்பில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லையென்றால் ஐசலே ஏன் குதித்தார் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஹாஃப்னர் அம்மா வரவில்லை. பாடகர் குழுவிலும் இல்லை.

பிப்ரவரி 6, புதன்

லோரெயிடம் கேட்டு ஒரு தூக்கில் சூப் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே ரிப்பன் கட்டிய கூடை: ஜாம், தேன், காப்பி, தேவதை போட்ட வாழ்த்து அட்டை. பாடகர் குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பை நிறையப் பழைய துணி. நல்ல துணிதான்.

சங்கிலி போட்டபடியே கதவைக் கொஞ்சம் திறந்தார். உள்ளேயும் அந்த நீலக் கோட்டோடுதான் இருந்தார். வீட்டுக்குள் அவ்வளவு குளிர், பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"ஒரு பையனோட அம்மா வந்தாங்க. பாடத்துக்கு இனிமே ரெட்டிப்பா தர்றாங்களாம். அவன் வாசிக்கற லட்சணத்துக்கு நான்தான் அவங்களுக்குத் தரணும்."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எல்லாரும் ரொம்ப நல்லவங்க, ரீக்கெ. அதான் என்னால தாங்க முடியல."

"சூப் மட்டும் வாங்கிக்குங்கம்மா. நான் யார்கிட்டயும்..."

"யார்கிட்ட சொல்லாம இருப்பே இனிமே? எடுத்துட்டுப் போ."

"பசிக்கும்மா."

"பசிக்குதுதான். எடுத்துட்டுப் போ கண்ணு."

கதவு மூடியது. தூக்கைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

தூக்கு அங்கேயே இருந்தது. சூப் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து கழிவறையில் கொட்டினேன்.  அழுதேனா? ஆமாம், அழுதேன். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கடைசி நாள் ஆராதனை. ஆலயம் நிரம்பி வழிந்தது. படம் வந்த பிறகு உதவி செய்பவர்கள் கூடிவிட்டார்களாம். போதகர் அறிவித்ததும் கை தட்டினார்கள். ஐசலே முன்வரிசையில். நன்றியுரையில் அவர் பெயரும் வந்தது. பாடகர் குழுவில் ஹாஃப்னர் அம்மா நிற்கிற இடத்தில், யாரோ ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து நின்று இடைவெளியை அடைத்திருந்தாள்.

மான்னே பக்கத்தில் வந்து கேட்டான்: "அந்த ராணியம்மா எங்க?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். முதல்முறையாக அவன் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

மேசைகளை மடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, பெஞ்சுகளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். ஓக் மரம், ஒவ்வொன்றும் செத்த மாடு மாதிரி கனக்கிறது. ஹாஃப்னர் அம்மா தங்கை வீட்டுக்கே போய்விடப் போகிறார், வடக்கே, பியானோவை விற்றாயிற்று என்று லோரெ காலையில் சொன்னாள். எங்கே கேள்விப்பட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஐசலேயும் பெஞ்சு தூக்க வந்திருந்தார். தோல் கையுறை, புதியது. ஒரு பெஞ்சின் மறுமுனையை அவர் பிடிக்கும்படி ஆயிற்று. நான் பின்பக்கமாக நடக்க, அவர் என்னைப் பார்த்தபடி. கீழே போடவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"ஹாஃப்னர் அம்மா ஊரை விட்டுப் போறாங்க, சார்."

"கேள்விப்பட்டேன். பாவம்."

"அவங்க வருஷக்கணக்கா மறைச்சு வெச்சிருந்தாங்க. உங்களால ரெண்டு நாள் தாங்க முடியல."

அவர் முகம் சிவந்தது, பெஞ்சின் கனமாகக்கூட இருக்கலாம். இறக்கி வைத்தோம். அவர் அடுத்த பெஞ்சுக்குப் போனார். நானும் போனேன், அதே பெஞ்சின் இன்னொரு முனைக்கு. போதகர் பீடத்தருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், கையில் துடைப்பம். தூக்கினோம்.

"அவங்க இன்னும் ஊர்லதான் இருக்காங்க. மூணாவது மாடி. கையில எதுவும் கொண்டு போகாதீங்க, கூடை வேண்டாம், பூ வேண்டாம், போதகரும் வேண்டாம். நீங்க மட்டும் போய்க் கதவைத் தட்டி, நான் அப்படியே ஏழையா இருந்துட்டுப் போயிருக்கலாம்மான்னு அவங்க முகத்தைப் பாத்து ஒரு தடவை சொல்லுங்க. போவீங்களா, சார்? என்னைப் பாத்துச் சொல்லுங்க. போவீங்களா?"