பெரட்டில் கேட்ட குரல்

அன்புள்ள யோகராணிக்கு,

போன மகளிர் தினத்தில் குவைத்திலிருந்து பேசினாய். "இங்க கேக்கெல்லாம் வெட்டுனாங்க. ஆனா எம் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்புடுறதில்லங்க" என்றாய்.

இன்று மறுபடியும் மகளிர் தினம். காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்க வரிசையில் நின்ற பெண்களுக்குப் பெயர் கூப்பிட்டுப் பூ கொடுத்தார்கள். கணக்கப்பிள்ளை பழைய செக்ரோல் பதிவேட்டைப் பார்த்து உன் பெயரையும் வாசித்துவிட்டார். பின்வரிசைப் பனிமூட்டத்திலிருந்து, "இருக்கேங்க" என்று உன் குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. நீ வந்ததாகவே கணக்கப்பிள்ளை பேர் போட்டுவிட்டார்.

நாளை, உன்னை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் நம் லயத்து வீட்டுக்கு, குவைத்திலிருந்து வந்த ஒரு பெட்டியைக் கொண்டுவருகிறார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். அதற்குள் இருப்பது நீ இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கும் உன் பெயரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லிவிடு, புள்ள.

உன் வீட்டுக்காரன்