மேற்குச் சுவரும் அண்ணாச்சியின் நாயும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹோட்டல் கட்டப்போகிற ஒருவர் இன்று காலை என் மேசையில் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டை வைத்தார். முன்பக்கம் முழுக்க இதுதான் வேண்டுமாம். "மேற்கு வாசலா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்திருப்பாய்.

ராஜபாளையம் ஜவுளிக்கடைதான் உனக்குக் கிடைத்த முதல் பெரிய கட்டடம். வரைவது நீ, ஏ.சி.க்குக் கணக்குப் போட்டு மாட்டித் தருவது நான். நீ சன்னலுக்கு மேல் சன்ஷேடை நீட்டினால் என் ஏ.சி. ஒரு சுற்று இளைக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு என்றால் இன்னும் இளைக்கும். "ஏட்டி, எனக்குச் சோறு வேண்டாமா?" என்பேன். "மெஷினு சின்னதானா கரண்டும் கம்மி. ஊரே உன்னையத் தேடி வரும் பாரு" என்பாய்.

கடைக்கார அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. மதுரையில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்து, ரோட்டைப் பார்த்த மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடிதான் என்று நின்றார். உள்ளே நின்றால் மலையும் தெரியும், ரோட்டில் நின்றால் சேலையும் தெரியும் என்பது அவர் எண்ணம். வெயிலும் உள்ளே வரும் என்று நீ சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "பேப்பர்ல எம்புட்டோ சொல்லுதிய. எனக்கு நம்பிக்கை வரணும்லா? வரலைன்னா மதுரை ஆளை வச்சுக் கட்டிக்கிடுதேன்."

மறுநாளே உனக்கு யோசனை வந்துவிட்டது. கடைக்கான காலி மனையில் இரண்டு சின்ன அறைகள் கட்டினோம். ஒன்றுக்கு மேற்கே கண்ணாடி. இன்னொன்றுக்கு மேற்கே செங்கல் சுவர், வடக்கே சன்னல், மேலே வெள்ளை ஓடு. சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொன்னோம். அண்ணாச்சி தன் வெள்ளை நாயோடு வந்தார். ராஜபாளையம் ஜாதி நாய். அவர் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

அது கண்ணாடி அறைக்குள் நுழைந்தது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. அடுத்த அறைக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டது. அண்ணாச்சி கூப்பிட்டார். வாலை மட்டும் ஆட்டியது. அவர் வீம்புக்குக் கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செத்த நேரத்தில் சட்டை நனைந்து எழுந்து வந்து நாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "எங்க ஊர் நாய் பொய் சொல்லாது தாயி. ஒங்க இஷ்டம் போலக் கட்டுங்க." நீ சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசி மாடிக்குக் கான்கிரீட் போட்டபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஓடு பதிக்கும் முன்பே போய்விட்டாய். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளை ஓடுகளை நானே கூட நின்று பதிக்க வைத்தேன்.

கடை திறந்த அன்று கூட்டம் நெரிந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். நீ இளைக்க வைத்த மெஷினை ஓடவிட்டுவிட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உன் கட்டடம் தோற்றுப்போனால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மத்தியானம் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள். "அக்கா, குளிருது. ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த ஏ.சி.க்காரி ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லியே பிழைக்கிறாள், ஏட்டி. காலி மனைக்குப் போனால் முதலில் மேற்கே திரும்பி நிற்கிறேன். மலையைப் பார்க்கிறேன் என்று கூட வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நீ எங்கே சுவர் வைத்திருப்பாய் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.