விரல் பட்டால் தாவும் பக்கம்

12-6-2025, வியாழன்

சோணையின் டீக்கடையில் இன்று பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

"ஆசாரியாரே, ஒங்க மக ரோகிணி ஒங்களப் பத்திக் கதை எழுதிருக்காளாமுல்ல? எங்க வீட்டுல போன்ல படிச்சுட்டு ஒரே சிரிப்பு. கடைசில மூக்கச் சிந்துறா."

"கடைசில என்னடா வருது?"

"அத நீங்களே படிச்சுக்கிருங்க."

சோணை கிளாஸ் கழுவப் போய்விட்டான். முடிவை வைத்து ஆட்டங்காட்டுவது நான் பிறத்தியாருக்குச் செய்கிற வேலை. படத்துக்குப் போகிறவனை வழிமறித்து, கொலைகாரன் யாரென்று காதில் சொல்லி அனுப்புகிறவன் நான். இந்தத் தெருவில் எவனும் என்னிடம் தப்பி ஒரு படம் பார்த்ததில்லை. இப்போது தெருவுக்கே முடிவு தெரியும், எனக்குத்தான் தெரியாது.

13-6-2025

வீட்டுக்காரியும் படித்துவிட்டாளாம். என்ன கதை என்று கேட்டேன். "எனக்கு எத்தனை படத்தைக் கெடுத்தீக? நல்லாக் கெடங்க" என்கிறாள் பாண்டீஸ்வரி.

16-6-2025, திங்கள்

அவள் குளிக்கப் போனதும் போனை எடுத்து நானே முயன்றேன். ரோகிணி அவளுக்கு அனுப்பியது பிடிஎஃப். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போகிறது. அங்குட்டு இழுத்து, இங்குட்டுத் தள்ளி, பிறகு எந்த வரியில் இருந்தேன் என்றே தெரியவில்லை.

அஞ்சாம் வகுப்போடு உளியைப் பிடித்தவன் நான். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, வாய் முணுமுணுக்கத்தான் எனக்குப் படிக்க வரும்.

நான் படித்துக் காட்டுகிறேன் என்கிறாள் பாண்டீஸ்வரி. வேண்டாம். மகள் என்னைப் பற்றி எழுதியதை இன்னொருத்தி வாயால் கேட்டால், என் முகம் போகிற போக்கை அவள் பார்ப்பாளே. திட்டியிருந்தால்? அந்தப் பிள்ளையிடம் கேலியைத் தவிர நான் என்னதான் பேசியிருக்கிறேன்?

மாலையில் ரோகிணிக்குப் போன் போட்டேன்.

"புத்தகமா அச்சுப் போட வேண்டியதுதானே?"

"அது இப்பத்திக்கு இல்லப்பா. படிக்கிறதுக்குன்னே ஒரு கருவி விக்கிது. எழுத்தை எம்புட்டுப் பெருசா வேணும்னாலும் வச்சுக்கிரலாம். வாங்கி அனுப்பவா?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்? சும்மா கேட்டேன்."

சும்மாவா கேட்டேன்?

21-6-2025, சனி

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஜனனியிடம் போனேன். வயசுப் பிள்ளை, கெட்டிக்காரி. மேசையில் இரண்டு கருவியை வைத்தாள்.

"ஒங்ககிட்ட எந்த ஃபைல் இருக்கு ஐயா? பிடிஎஃப்பா, ஈபப்பா?"

"ரெண்டுல எது ருசியா இருக்கும்?"

சிரித்தாள். பிடிஎஃப் என்றால் பக்கத்தைப் போட்டோ பிடித்து வைத்த மாதிரியாம். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால், திரைக்குத் தக்கபடி வரி தானே மடங்கிக்கொள்ளுமாம். சுவரில் பதித்த கதவுநிலைக்கும் மடக்குக் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம். அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

பழைய கருவியில் பக்கம் திருப்ப ஓரத்தில் பொத்தான். கைக்கு வாகாக இருந்தது. ஆனால் தமிழைப் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது. புதியது தொடுதிரை. அதில் தமிழ் அச்சு மாதிரி வந்தது, எழுத்து இலந்தைப்பழம் அளவுக்கு.

"படிச்சுப் பாருங்க" என்றாள். அந்தப் பிள்ளை முன்னால் விரலை ஓட்டவா? கையைக் கட்டிக்கொண்டு, படிப்பதுபோல் தலையை ஆட்டினேன். புதியதையே எடுத்துக்கொண்டேன். பாண்டீஸ்வரி, தனக்கென்று சொல்லி மகளிடம் ஈபப் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அந்த மட்டுக்கும் இரக்கம் இருக்கிறது.

22-6-2025, ஞாயிறு

"என் அப்பா" என்று முதல் வரி. விரலை வைத்தேன். பக்கம் தாவிவிட்டது. திரும்பி வந்து வைத்தேன், மறுபடி தாவியது. நகத்தால் தொட்டாலும் தாவுகிறது. பலம் கொண்டு அழுத்தினேன். என்னென்னவோ ஆகி, கடைசிப் பக்கம் வந்து நிற்கிறது.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். முடிவைப் பார்த்துவிடக் கூடாதென்று, நானா? மூடிய கண்ணோடு கூப்பிட்டேன், பாண்டீஸ்வரி வந்துதான் முன்னால் கொண்டுபோய் விட்டாள். அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து ஊர் நெற்குப்பை வரைக்கும் கேட்டிருக்கும்.

25-6-2025

விரல் இல்லாமல் படித்துப் பார்த்தேன். கண் நாலு வரி தாண்டிப் போய் உட்காருகிறது. பொத்தான் கருவியில் எப்படியாவது தமிழை வரவைத்து மாற்றித் தருவாளா என்று ஜனனி கடைக்குப் போய், காரணத்தையும் சொல்லித் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "மாத்தித் தாரேன் ஐயா. ஆனா அதுல தமிழ் வராதே" என்றாள்.

தமிழ் வந்தால் விரல் ஆகாது. விரல் ஆகுமென்றால் தமிழ் வராது. என்னடா பொழப்பு இது. போதும், விட்ரு நாகநாதா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

28-6-2025, சனி

விடவில்லை. இன்றும் ரெண்டு தடவை தாவியது. ஆத்திரத்தில் காதிலிருந்த பென்சிலை உருவி, மொட்டைப் பக்கத்தால் திரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஒடைச்சுத் தொலைக்கப் போறீக!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் பாண்டீஸ்வரி.

பக்கம் அசையவில்லை. மறுபடி தட்டினேன். வரிக்கு அடியில் இழுத்தேன். அப்படியே நிற்கிறது. மரக்கட்டை பட்டால் அதற்குச் சொரணையே இல்லை. விரலுக்குப் பதில் பென்சில். வரி முடிகிற வரைக்கும் கூடவே வந்தது.

மூணு பக்கம் படித்தேன். முதல் பக்கத்திலேயே என் குறட்டையை எழுதியிருக்கிறாள், கழுதை.

9-7-2025, புதன்

ஒரு பத்தியை மூன்று தடவை படித்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்:

"அப்பா பேப்பர் படிக்கும்போது நான் அவர் மடியில் இருப்பேன். அவர் விரல் போகிற இடத்துக்கெல்லாம் என் கண்ணும் போகும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு எழுத்து தெரிந்திருந்தது. அப்படி நான் கற்றது அவருக்கு இன்றைக்கும் தெரியாது."

தெரியாதுதான். பிள்ளை மடியில் விளையாடுகிறது என்றல்லவா நினைத்தேன்.

12-7-2025, சனி

முடித்துவிட்டேன். உடனே ரோகிணிக்குப் போன்.

"நூத்திப் பத்தாம் பக்கத்துல ஒரு பொய் எழுதிருக்க."

"கதையே முப்பது பக்கந்தானப்பா."

"எனக்கு நூத்தி நாப்பது."

அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது.

"எழுத்தைப் பெருசா வச்சு நீங்களே படிச்சீகளா?"

"பின்ன? ஒங்க ஆத்தாவா படிச்சுக் காட்டுனா?"

போனை வைத்துவிட்டேன். என்ன பொய் என்று அவளும் கேட்கவில்லை. நல்லவேளை, பொய் ஒன்றும் இல்லை.

13-7-2025, ஞாயிறு

சோணை கடை. போஸ்டாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானசம்பந்தம் பெஞ்சில் இருந்தார்.

"ஆசாரி, மக கதையை நானும் ஆரம்பிச்சிருக்கேன். கடைசில என்னாகுது?"

சோணை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தான். எப்படியும் சொல்லிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

பென்சிலை எடுத்துத் துடைத்து, மறுபடி காதில் செருகினேன்.

"அத நீங்களே படிச்சுக்கிருங்க" என்றேன்.