மாப்ளையின் கம்பிக்குழாயும் மாடனுக்கு நேர்ந்த கிடாவும்

மாப்ளே, கோமதி அம்மன் கோயில் இருக்கும் திக்கைக் கும்பிட்டுச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை ஈ காக்கைகூட நம்பாது.

இன்று மத்தியானம் பஜார் வழியாக வந்தேன். பிரியாணிக் கடையில் தம் உடைத்தார்கள். அந்த வாசனை என் சட்டைக் காலரைப் பிடித்து உன்னிடம் இழுத்து வந்துவிட்டது.

நீ பந்தியில் உட்கார்ந்தால் சிவகிரி ஆடுகளெல்லாம் மலையேறி ஒளியும். அப்பேர்ப்பட்ட உனக்கு உணவுக்குழாயில் புற்று. முற்றிப்போய், சொந்த எச்சிலே இறங்காமல் கப்பில் துப்பிக்கொண்டு கிடந்தாய். திருநெல்வேலி டாக்டர் கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே விட்டார். அது குடை போல விரிந்து வழி திறந்தது. "நோய் தீராது. கஞ்சி, கூழ் இறங்கும். கறித்துண்டு கூடவே கூடாது" என்றார். நீயும் நானும் முழுசாகக் கேட்டோம். உன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, "இறங்கும்" என்பதை மட்டும் கேட்டாள்.

"மாடன் கண்ணத் தொறந்துட்டான்! தம்பி முழுங்கினா கிடா வெட்டுதேன்னு நேந்திருக்கேன்லா!"

அடுத்த வெள்ளிக்கிழமையே கிடா விழுந்தது. யாருக்காக நேர்ந்தோமோ அவர் முதல் துண்டைத் தின்ற பிறகே மற்றவர் இலையில் கை வைக்கலாம் என்பது நம் குடும்ப வழக்கம். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காதீய" என்றாள். உன் காதில், "வேண்டாம் மாப்ளே" என்றேன்.

"அக்கா மொகத்தப் பாருங்க அத்தான்" என்றாய்.

நீ மென்று முடிப்பதற்குள் வைப்பாற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. பந்தியில் கைப்பிள்ளைகளுக்கு மீசை முளைத்தது. விழுங்கினாய். குழாயில் அடைத்தது. கண்ணில் தாரை தாரையாக நீர்.

"சந்தோசத்துல அழுதான் பாரு!" என்று உன் அக்கா குலவை போட்டாள். சொந்தபந்தம் இலையில் பாய்ந்தது. உன்னைக் காரில் ஏற்றும்போதும் யாரோ, "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வையுங்கவே" என்றார்.

துண்டை எடுத்த டாக்டர் என்னை ஏசித் தீர்த்தார். நீ கரகரத்தாய்: "பாலம் போட்ட ஈரம் காயல, அதுக்குள்ள லாரிய விட்டுட்டீயளே அத்தான்."

அந்த மாசம் முடியவில்லை, போய்விட்டாய். உன் அக்கா இன்னமும் மாடனோடு பேசுவதில்லை.

ஆட்டையும் ஆற்றையும் யாரும் நம்ப வேண்டாம். அந்தக் கிடா விருந்தையே என் புளுகு என்று தள்ளட்டும்; எனக்கும் அதுதான் வசதி. ஆனால் குழாய் வைத்த மறுநாள் காலையில் அரை டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, "நெஞ்சுக்குள்ள எறங்குதது தெரியுது அத்தான்" என்று டம்ளரை மறுபடியும் நீட்டினாய் பார், அது மட்டும் நெசம்.