துறைக்கு ஒருவர்

உடப்பு
22.06.1997

அன்பின் ஜுனைதா,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே உம்மா, வாப்பா, ராத்தா எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பரீட்சை முடிந்து பிரிந்த பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ராத்தாவின் கல்யாண வேலை அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பஸ் கடிதம் உனக்கும் கிடைத்திருக்கும். இங்கே தபால்காரர் அதைக் கடற்கரையில் வைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா கரைவலையை அப்படியே விட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடிவந்தார். பொலிஸிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார். போன வருடம் கொழும்பில், வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்து ஓர் இரவு வைத்திருந்ததிலிருந்து, முத்திரை குத்திய எந்தக் கடதாசியைக் கண்டாலும் அவருக்கு அப்படித்தான். நான் வாசித்துச் சொன்னேன். இறுதியாண்டில் ஆய்வு செய்தவர்கள் கம்பஸ் ஆய்வு நாளில் வந்து பேச வேண்டும். பேசுகிறவர்களில் துறைக்கு ஒருவரைத் தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுப்பார்கள். பிறகு வெளிநாட்டில் முதுமாணிப் படிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் நிரந்தரமாக்குவார்கள். புதுத் திட்டம்.

"அப்ப நீ பேசினா வேலையா?" என்றார் அப்பா.

"பேசினாத்தான் அப்பா."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு வலைக்குப் போய்விட்டார்.

நம் ஆய்வுக்காக முந்தல் களப்பில் இந்த மாதத்துத் தண்ணீரை நான் தனியே போய் எடுத்தேன். இறால் பண்ணை வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் நிறம் இன்னும் மோசமாகிவிட்டது. திரும்பி வரும்போது ஆமிச் சென்றிப் பொயின்றில் போத்தல்களை இறக்கச் சொன்னார்கள். நீ இருந்திருந்தால் சிங்களத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். குடித்துக் காட்டு என்று கேட்ட ஆமிக்காரனிடம், "இதக் குடிச்சா என்ன நடக்கும் எண்டுதான் மாத்தயா நாங்க படிக்கிறம்" என்று நீ சொன்னதும் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. தண்ணீருக்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லான "வத்துர"வை நான் சொன்னேன். அவன் வேறு ஏதோ கேட்டான். அதற்கும் "வத்துர" என்றேன். அலுத்துப் போய்ப் போகச் சொல்லிவிட்டான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை வீட்டிலும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. உனக்கும் வேண்டும் என்று தெரியும். தண்ணீரைப் பற்றி நான் பேசுகிறேன், இறாலைப் பற்றி நீ பேசு. பிறகு அவர்கள் யாரை எடுக்கிறார்களோ எடுக்கட்டும்.

ராத்தாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள,
மு. குணேஸ்வரி


786

மாம்புரி முகாம்
30.06.1997

என் அன்புக் குணேஸ்,

அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கோபிக்காதே. இங்கே எழுத உட்கார ஓர் இடம் இல்லை. ராத்தாவின் நிக்காஹ்வுக்குப் பாய் விரிக்க வேண்டுமென்று குடிசைக்கு முன்னாலிருந்த அடுப்பைப் பின்னால் தள்ளினோம். பின் குடிசைக்காரி மூன்று நாளாய் எங்களோடு கதைப்பதில்லை.

நிக்காஹ் ஜூலை பத்தாம் திகதி. ஆய்வு நாளும் அதே பத்தாம் திகதி என்று கடிதத்தில் பார்த்தபோது தலை சுற்றியது. புத்தளத்துக்குப் போய் நம் துறையின் மகாலிங்கம் சேருக்குப் போன் எடுத்தேன். வேறு துறைகளும் திகதியைத் தள்ளக் கேட்டிருக்கின்றனவாம். முப்பத்தோராம் திகதிக்கு மாற்றலாம் என்றார்.

"குணேஸ்வரிக்கும் அது சரியா?" என்று கேட்டார்.

"அவவுக்கும் சரிதான் சேர். அவவுக்காக எப்பயும் நாந்தானே பேசுற" என்றேன். சிரித்தார்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. உங்கள் தீமிதிப்பு ஓகஸ்டில்தானே என்று யோசித்துத்தான் சொன்னேன். போன வருடம் வந்து கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவளுக்கு அது மறக்குமா? அதற்குப் பல நாள் முன்பே நம் பேச்சு முடிந்துவிடும்.

நிக்காஹ்வுக்குக் கட்டாயம் வா. உனக்கென்று மரக்கறிச் சோறு தனியே ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
ஜுனைதா


உடப்பு
04.07.1997

அன்பின் ஜுனைதா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

நீ வந்தது கடைசி நாளுக்கு. அதனால் அந்த ஒரு நாள்தான் திருவிழா என்று நினைத்துவிட்டாய். அதற்குப் பதினெட்டு நாள் முன்பே கொடியேறி விடும். இம்முறை ஜூலை இருபத்துநான்காம் திகதி காப்புக் கட்டுகிறார்கள். அதிலிருந்து தீமிதிப்பு வரை கடலில் வலை இறங்காது, வீட்டில் மீன் சமைக்க மாட்டோம். காப்புக் கட்டியவர்களின் வீட்டிலிருந்து யாரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. இந்த வருடம் அப்பா கட்டுகிறார். வெள்ளவத்தையிலிருந்து நான் முழுதாக வீடு வந்து சேர்ந்தால் நெருப்பில் இறங்குவதாக அன்றைக்கு நேர்ந்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும்.

ஒரு நாள் கொழும்புக்குப் போய்வந்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்பாதான் பதில் சொன்னார்.

"போறதெண்டா போ பிள்ளை. நான் மறிக்கேல்ல. ஆனா நீ றோட்டில நிக்கேக்க என்ர நினைப்பும் றோட்டிலதான் நிக்கும். நெருப்பில இறங்கிறவனுக்கு நினைப்பு வேற இடத்தில இருக்கப்படாது."

இதற்கு மேல் நான் என்ன கேட்பது?

ஆகவே நீ சேரிடம் ஒருமுறை சொல். இருபத்துநான்குக்கு முன் ஒரு நாள், அல்லது ஓகஸ்ட் பத்துக்குப் பிறகு ஒரு நாள். எதுவானாலும் வருவேன். நானே அவரிடம் கேட்கலாம்தான். ஆனால் போனில் அவர் "ஹலோ" என்றதும் எனக்குச் சொல் ஓடிவிடும். உனக்குத் தெரியாததல்ல.

நிக்காஹ்வுக்கு வருகிறேன். மற்றவை நேரில்.

அன்புடன்,
குணேஸ்வரி


786

மாம்புரி முகாம்
17.07.1997

அன்புக் குணேஸ்,

நீ வந்துபோனதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். உன்னோடு தனியே கதைக்கத்தான் முடியவில்லை. நீ கொண்டுவந்த சேலையை ராத்தா இரண்டாம் நாளே கட்டினா. மாப்பிள்ளை வீட்டார் கனமூலையில் சொந்தக் காணி உள்ளவர்கள். ராத்தாவைக் கூட்டிப்போகும்போது மாமியார் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தா. பார்த்தா, அவ்வளவுதான்.

சேரிடம் சொன்னேன். திகதியை இனி மாற்ற இயலாதாம். எனக்கும் கவலைதான். ஆனால் யோசித்துப் பார், ஆய்வு இரண்டு பேருடையது. யார் நின்று பேசினால் என்ன? உன் பெயரை முதலில் சொல்லித்தான் தொடங்குவேன். உன் பகுதியையும் நானே பேசிவிடுகிறேன். போன மாதம் நீ தனியே எடுத்த தண்ணீரின் அளவுகளை மட்டும் உடனே அனுப்பு.

அப்பாவின் நேர்த்தி நல்லபடியாக நிறைவேற துஆச் செய்கிறேன்.

உன்,
ஜுனைதா


உடப்பு
23.07.1997

அன்பின் ஜுனைதா,

நாளைக்குக் காப்பு. ஊரெல்லாம் சுண்ணாம்பு வாசம். வலைகளைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் போட்டுவிட்டார்கள். கடற்கரையில் நாய்களைத் தவிர ஒருவரும் இல்லை.

உன் கடிதத்தை வாசித்த பிறகு, பேசாவிட்டாலும் நான் வராததற்கான காரணத்தைச் சேரிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது மரியாதை. இன்று காலை அவருக்குப் போன் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். எனக்குப் பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டு யோகாம்பாள் அக்கா நின்றா. "சத்தமாக் கதை பிள்ளை, கொழும்பு எவ்வளவு தூரம்" என்று முதுகில் தட்டினா.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சேர், நான் உடப்பு குணேஸ்வரி. முப்பத்தோராம் திகதி எனக்கு வர ஏலாது."

"தெரியுமே. கலியாணம் எண்டு ஜுனைதா சொன்னா. வாழ்த்துகள்."

"கலியாணம் இல்லை சேர். தீமிதிப்பு."

"யாருக்கு?" என்றார்.

"அப்பாவுக்கு."

யோகாம்பாள் அக்கா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேர் சொன்னார், வவுனியாவில் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளுக்காக ஓகஸ்ட் இருபதாம் திகதி இரண்டாம் நாள் ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறார்களாம். "அதை ஜுனைதாவுக்குச் சொன்னேனே. நீங்க கலியாணம் செய்து ஊரோட இருக்கப் போறீங்க, வேலையில விருப்பமில்லை எண்டல்லோ சொன்னா" என்றார்.

விருப்பம் இருக்கிறது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கந்தோரில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். என் பெயரை இருபதாம் திகதிக்கு எழுதிக்கொண்டார்.

நீ கேட்ட அளவுகளை இத்துடன் அனுப்புகிறேன். ஆய்வு இரண்டு பேருடையது என்று நீ எழுதியது சரி. தண்ணீரைப் பற்றியும் நீ பேசலாம். நானும் பேசுவேன்.

குணேஸ்வரி


786

மாம்புரி முகாம்
03.08.1997

குணேஸ்,

நேற்று முன்தினம் கொழும்பிலிருந்து வந்தேன். நன்றாகப் பேசினேன். உன் பெயரைச் சொன்னேன். சேர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓம், சொன்னேன். முதலில் இரண்டாம் நாளுக்கு உன் பெயரைக் கொடுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சேர், "குணேஸ்வரியின்ர தண்ணிப் பகுதிதான் இந்த ஆய்வில பெறுமதி" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் என் வாயில் வேறு கதை வந்துவிட்டது. அவர் உடனே நம்பினார். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை.

தொண்ணூறில் எங்களை எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டியபோது எனக்குப் பதினாறு வயது. கொண்டுவந்தது ஒரு பை. ஏழு வருடமாக ஓலை மாற்றுகிறோம். வாப்பா மன்னாரில் கடை வைத்திருந்தவர். இப்போது மாம்புரித் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கிறார். உனக்கு ஊர் இருக்கிறது குணேஸ். காப்புக் கட்டினால் தாண்டக்கூடாது என்று சொல்ல ஓர் எல்லை இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

மூன்று வருடம் உனக்காக நான் பேசினேன். கன்ரீனில், நூலகத்தில், ஆமியிடம். ஒருமுறை எனக்காகப் பேசினேன் என்று வைத்துக்கொள்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

ஜுனைதா


உடப்பு
30.08.1997

அன்பின் ஜுனைதா,

அப்பா நல்லபடியாக நெருப்பில் இறங்கி ஏறினார். காலில் ஒன்றும் இல்லை. இறங்கும் போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "சுடுது எண்டு நினைச்சன்" என்றார். இப்போது வலை இறங்கிவிட்டது.

இருபதாம் திகதி கொழும்புக்குப் போனேன். அறையில் மூன்று பேர் தூரத்து மேசையில் இருந்தார்கள். நான் தொடங்கியதும் அவர்களில் நிக்கொலஸ் என்ற பேராசிரியர், "பிள்ளை, ஒண்டும் விளங்கேல்ல" என்றார். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கூடவில்லை. ஆகவே மேசைக்குப் பக்கத்தில் நடந்துபோய், நின்றபடி அவர்களுக்கு மட்டும் சொன்னேன். வாய்க்கால் தண்ணீர் விழுகிற இடத்தையும் விழாத இடத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இறால் பகுதி உன்னுடையது என்றும், அதில் கேள்வி இருந்தால் உன்னைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர்கள் நிறையக் கேட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்றேன்.

நேற்று நியமனக் கடிதம் வந்தது. எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நீ வேறு யாரிடமிருந்தும் கேள்விப்படக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அதில் நீ எழுதிய எதுவும் பொய் இல்லை. நேராக என்னிடம் வந்து, எனக்கு இந்த வேலை வேண்டும், நீ விட்டுக்கொடு என்று நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். ஆம் என்று எழுத ஆசையாக இருந்தது. ஆனால் கொடுத்திருக்க மாட்டேன். அழுதிருப்பேன், ஆனால் கொடுத்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த ஒரு வேலைதான் இருந்தது. இதுவும் உனக்குத் தெரிய வேண்டும்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று அம்மா கேட்டா. இருக்கிறது என்றேன். காலையில் குறைவாகவும் பின்னேரத்தில் கூடவும் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

இன்னொரு விடயம். களப்பு ஆய்வை இன்னும் இரண்டு வருடம் தொடரத் துறைக்குப் பணம் கிடைத்திருக்கிறது. புத்தளப் பக்கத்தில் இருந்துகொண்டே தண்ணீர் எடுக்கவும் இறால் எண்ணவும் ஓர் ஆய்வு உதவியாளர் வேண்டுமாம். சம்பளம் உண்டு. செய்கிறவர் முதுமாணிக்கும் பதியலாம். யாராவது தெரியுமா என்று சேர் என்னிடம் கேட்டார். உன் பெயர் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை. உனக்கு அதில் விருப்பமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். செப்டெம்பர் பதினைந்து வரை ஆள் எடுக்கமாட்டார்கள். சேர் செவ்வாயும் வியாழனும் காலையில் அறையில் இருப்பார்.

ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் என் அன்பு.

மு. குணேஸ்வரி