அந்தக் கையோடு ஒரே சஹனில்

மச்சான்,

இன்று மத்தியானம் கல்முனைக்குடியில் சம்பந்தி வீட்டு விருந்து. வாசலிலேயே கனிந்த பப்பாசி வாசம். கூட்டுக்குள் இருந்த மலை மைனாவுக்குச் சம்பந்தி துண்டு துண்டாக ஊட்டிக்கொண்டிருந்தார். அது "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது. வந்தவர்களெல்லாம் பூரித்துப்போய்ப் பதில் ஸலாம் சொன்னார்கள். பப்பாசி என்றாலே உன் தோட்டத்து வேலியோரம் கிடந்த அந்தப் பெண் குரங்குதான் எனக்கு ஞாபகம்.

உன் பக்கத்துத் தோட்டக்காரன் பழத்துக்குள் வாய்வெடி வைத்திருந்தான். கடித்ததும் தாடை சிதறிவிட்டது. குட்டி அப்போதும் மார்பில் பால் தேடிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துவாயால் தாயை மூடினாய். "நாலு தென்னங் குரும்பட்டி புடுங்கினதுக்கு இதா கூலி?" என்றாய்.

பிறகு அவன் வீட்டுக் கலியாண வலீமா விருந்தில் நீ அவனோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி அமர நேர்ந்தது. நான் பக்கத்துச் சஹனில் இருந்தேன். அவன் சோற்றில் கை வைத்ததும் நீ எழுந்தாய். "இந்தக் கையோட என்ட கைய வெக்க ஏலா." ஒன்றாகச் சாப்பிடும் தட்டிலிருந்து பாதியில் எழும்புவது நம் ஊரில் சின்ன அவமதிப்பா? நீ மௌத்தாகிக் கண்மூடும் வரை உன்னை ஒருவரும் விருந்துக்கு அழைக்கவில்லை.

அந்தச் செங்குரங்கும் இந்த மைனாவும் இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சாதிகள். இரண்டும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒன்றைத் தேங்காய் பிடுங்குகிறது என்று கொல்கிறோம். மற்றதை இனிமையாகக் கதைக்கிறது என்று மலைக்காட்டிலிருந்து குஞ்சிலேயே தூக்கிவந்து கம்பிக்குள் போடுகிறோம். நம் வெறுப்பிலிருந்தாவது குரங்கு ஓடித் தப்பலாம். நம் பிரியத்திலிருந்து மைனாவுக்கு ஓடவும் வழியில்லை. தூ! என்ன மனிசர் நாம்!

சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் சம்பந்தி பெருமையடித்தார். "தோட்டத்துல பப்பாசிக்குள்ள வெடி வெச்சன். இப்ப ஒரு குரங்கும் எட்டிப் பாக்குதில்ல."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் போன் எடுத்தாள். "வாப்பா, மாமா கடும் கோவம். இவரும் என்னோட கதைக்கிறார் இல்ல. ஒரு சொல்லு மன்னிப்புக் கேளுங்களன்."

"ஏலா மகள்," என்றேன். அவள் அழுதாள்.

போனை வைத்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அவள் வாழ்க்கை என்னாகுமோ என்று பயமாக இருக்கிறது. அன்று எழுந்த உன்னைப் பயமே அறியாதவன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உனக்கும் இப்படித்தான் நடுங்கியதா, மச்சான்?